ஒன்பதாம் நம்பர் மேகத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

கேள்வி இது: “‘ஆன் கிளவுட் நைன்’ என்றால் அளவில்லாத சந்தோஷம் என்று தெரியும். ஆனால் ஏன் மேகம், அதிலும் ஏன் ஒன்பது? வானிலைத் துறையினர் மேகங்களுக்கு நம்பர் போட்டதில் ஒன்பதாவதுதான் உயரமானது, அதிலிருந்து வந்தது என்று படித்தேன். உண்மையா?”

பாதி உண்மை. மேகங்களுக்கு நம்பர் போட்டது உண்மை. ஒன்பதாம் நம்பரில் ஒரு பிரம்மாண்டமான மேகம் இருப்பதும் உண்மை. அந்த மேகத்திலிருந்துதான் இந்த வழக்கு பிறந்தது என்கிற இடத்தில்தான் கதை இடிக்கிறது. நான் சப்டைட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். இந்த மூன்று வார்த்தைகள் மாதத்துக்கு ஒருமுறையாவது என் மேஜைக்கு வந்துவிடும். அதனால் இதன் பின்னால் கொஞ்சம் அலைந்திருக்கிறேன். பதில் நீளமாகத்தான் வரும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். அகராதி ‘மிகுந்த மகிழ்ச்சி’ என்று போட்டுவிட்டுப் போய்விடும். அது போதாது. ஒரு நல்ல செய்தி வந்து, அதிலிருந்து ஓரிரண்டு நாள் ஆள் இந்த உலகத்திலேயே இல்லாமல் திரிகிறானே, அந்த நிலைக்குத்தான் இந்த வழக்கு. பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்த பையன், மூன்றாவது தடவை எழுதி பேங்க் பரீட்சை பாஸான பெண், பேரன் பிறந்த செய்தியைக் கேட்டுவிட்டு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் தாத்தா. இவர்களெல்லாம் கிளவுட் நைனில் இருக்கிறார்கள். முப்பது வருஷமாக நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறவரைப் பற்றி இதைச் சொல்ல மாட்டார்கள், அது வேறு மாதிரி சந்தோஷம். முன்னால் ‘ஆன்’தான் வர வேண்டும், ‘இன்’ போட்டால் காதில் உறுத்தும். பேச்சு மொழி என்பதால் விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் வேண்டாம். இன்னொன்று, இதில் லேசான கிண்டலும் உண்டு. “கிளவுட் நைனிலிருந்து இறங்கி வா, வேலை கிடக்கிறது” என்று சொல்லும்போது அது வெளியே தெரியும். இந்தக் கிண்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சரி, வானிலைக்கு வருவோம். மேகத்துக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தவர் லூக் ஹவர்ட். லண்டனில் மருந்துப் பொருள் தயாரித்து விற்றவர், மேகம் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1802 டிசம்பரில் நண்பர்கள் கூடும் ஒரு சிறிய அறிவியல் சங்கத்தில் அவர் ஆற்றிய உரையில்தான் சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ், நிம்பஸ் என்ற லத்தீன் பெயர்கள் வந்தன. சுருள்முடி, குவியல், விரிப்பு, மழை என்று பொருள். நம் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம், கார்மேகம் என்று படித்தோமே, எல்லாம் அந்த நான்கின் வாரிசுகள். பிறகு நாட்டுக்கு நாடு ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டே போனதால், எல்லோரும் ஒரே பெயரைப் பயன்படுத்தட்டும் என்று 1896-ல் சர்வதேச மேக அட்லஸ் வெளிவந்தது. பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என மூன்று மொழியில், வண்ணப் படங்களோடு. அதில் பத்து வகை மேகங்கள். ஒன்பதாவது இடத்தில் குமுலோநிம்பஸ், அதாவது கார்திரள் மேகம். இதைத்தான் உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

‘ஒன்பதாவதுதான் உயரம்’ என்பதை அந்த அட்லஸை வைத்தே சோதிக்கலாம். அது மேலிருந்து கீழாக வரிசை போடுகிறது. முதல் இடத்தில் கீற்று மேகம், சராசரியாக 9,000 மீட்டர் உயரத்தில். கார்திரள் மேகத்தின் உச்சிக்கு அது கொடுக்கும் உயரம் 3,000 முதல் 8,000 மீட்டர் வரை. பத்தாவது இடத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் படை மேகம், ஏறக்குறைய தூக்கி வைத்த மூடுபனி. ஆக, அந்தப் புத்தகத்தைப் புரட்டி உயரத்துக்கு உவமை தேடியவன் ‘முதலாம் மேகத்தில் இருக்கிறேன்’ என்றுதான் சொல்லியிருப்பான். கார்திரள் மேகம் வெப்ப மண்டலத்தில் 15 கிலோமீட்டருக்கும் மேலே எழும்பும் என்பதெல்லாம் பின்னால் அளந்து தெரிந்துகொண்டது. இன்றைக்கு வானிலை நிலையங்கள் பயன்படுத்தும் குறியீட்டில் பத்து வகைக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண் உண்டு. அதிலும் கார்திரளுக்கு ஒன்பதுதான். இந்தத் தற்செயல்தான் கதைக்கு உரம் போட்டு வளர்த்திருக்கிறது.

அந்த மேகத்தின் குணத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் “வெப்பச்சலனத்தால் இடியுடன் கூடிய மழை” என்று செய்தியில் வாசிப்பார்களே, அதைக் கொண்டுவருவது இந்த மேகம்தான். காலிஃப்ளவரை அடுக்கி வைத்தது மாதிரி எழும்பி, உச்சியில் கொல்லன் பட்டடைக் கல் போலத் தட்டையாகப் பரவும். உள்ளே காற்று மேலும் கீழும் பாய்ந்துகொண்டே இருக்கும். விமானிகள் இதை ‘சிபி’ என்பார்கள், ரேடாரில் தெரிந்தால் சுற்றிக்கொண்டு போவார்கள்.

உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சி உண்டு. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் விமானி வில்லியம் ராங்கின், 1959 ஜூலை 26 மாலை ஆறு மணிக்கு ஒரு ஜெட் விமானத்தில் 47,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தார். கீழே ஒரு பெரிய கார்திரள் மேகம். இன்ஜின் நின்றுபோனது. வேறு வழியில்லாமல் இருக்கையோடு வெளியே பாய்ந்தார். வெளியே மைனஸ் 50 டிகிரி அளவில் குளிர், உடம்பில் வெயில்காலத்துப் பறக்கும் உடை. காற்றழுத்தம் சட்டென்று குறைந்ததில் வயிறு ஊதிப்போய், கண், காது, மூக்கிலிருந்தெல்லாம் ரத்தம். சாதாரணமாக அந்த உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து நிமிஷம் ஆகலாம். ஆனால் பாராசூட் மேகத்துக்குள் விரிந்ததும், மேலே ஏறும் காற்று அவரை அள்ளித் தூக்கியது. தூக்கும், விழவிடும், மறுபடி தூக்கும். ஆலங்கட்டிகள் உடம்பெல்லாம் அடித்தன. இடி காதில் கேட்டதைவிட உடம்பில்தான் அதிர்ந்தது. மழைத் தண்ணீர் அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால், நடுவானில் மூழ்கிச் செத்துவிடுவோமோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாராம். வட கரோலினாவில் ஒரு காட்டு மரத்தில் பாராசூட் சிக்கி இறங்கியபோது கைக்கடிகாரம் 6:40 காட்டியது. நாற்பது நிமிஷம்! மனிதர் பிழைத்துக்கொண்டார். ஒன்பதாம் நம்பர் மேகத்துக்குள் நிஜமாகவே போய்வந்த அவரிடம் போய் அதை ஆனந்தத்துக்கு உவமையாகச் சொன்னால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு இருந்தாலும், மேகத்தின் குணம் மட்டும் போதுமான ஆதாரம் ஆகாது. உச்சியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு உள்ளே நடக்கும் அடிதடி எதற்கு என்று யாராவது வாதம் செய்யலாம். ஆதாரம் காலத்தில் இருக்கிறது. அட்லஸ் வந்தது 1896. அதிலிருந்துதான் வழக்கு பிறந்தது என்றால் ஆரம்பத்திலிருந்தே ஒன்பது என்ற எண் நிலையாக இருக்க வேண்டும். அப்படி இல்லை.

1935-ல் அமெரிக்காவில் ஆல்பின் பொல்லாக் என்பவர் திருடர்கள், சூதாடிகள், போலீஸ்காரர்கள் பேசும் கொச்சைச் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு அகராதி போட்டார். அதில் ‘கிளவுட் எய்ட்’ இருக்கிறது. எட்டாம் மேகம். பொருள் என்ன தெரியுமா? அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு நிதானம் தெரியாமல் கிடப்பது. சந்தோஷம் என்ற பேச்சே அதில் இல்லை. 1946-ல் கலிஃபோர்னியாவின் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் ‘கிளவுட் நைன்’ வருகிறது. அங்கேயும் சந்தோஷம் இல்லை, ‘எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்த மாதிரி’ என்கிற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். 1950-களில் ‘கிளவுட் செவன்’ பரவலாகப் புழங்கியது, மகிழ்ச்சி என்ற பொருள் அப்போதுதான் கெட்டிப்படுகிறது. அதே காலத்தில் ஏழும் ஒன்பதும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்து, கடைசியில் ஒன்பது ஜெயித்தது. எட்டு, ஏழு என்று எண் இஷ்டத்துக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு வழக்கை, வானிலைக் குறியீட்டு ஒன்பதிலிருந்து பிறந்தது என்று சொல்ல முடியாது. வீட்டு எண் மாறிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டில்தான் பிறந்தான் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் குடிகாரனிடம் கொஞ்சம் நிற்போம். எனக்கு இந்த வழக்கு முழுசாகப் புரிந்தது அவனால்தான், அதுவும் நம் மொழி வழியாக. வானம் மூடிக் கிடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது” என்கிறோம். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவனை? “மப்பில் இருக்கிறான்” என்கிறோம். ஒரே சொல், மேகமூட்டத்துக்கும் அதுதான், போதைக்கும் அதுதான். தமிழிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது என்று நான் கிளப்பிவிடவில்லை, தயவுசெய்து அப்படி யாரும் பகிர்ந்துவிடாதீர்கள். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியாக ஒன்றையே பார்த்திருக்கிறார்கள். மூளையில் மூட்டம் போட்டால் கால் தரையில் நிற்காது. அந்த நிலை சாராயத்தாலும் வரும், சந்தோஷத்தாலும் வரும். எட்டாம் மேகத்தில் குடிகாரன் இருந்தான், அடுத்த தலைமுறையில் அதே மேகக் கூட்டத்தில் காதலனும் பரீட்சை பாஸானவனும் வந்து சேர்ந்துகொண்டார்கள். முன்பு சொன்ன அந்த லேசான கிண்டல் இங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததுதான்.

பழைய வாடை முழுசாகப் போய்விடவும் இல்லை. 1968-ல் டெம்ப்டேஷன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழு இதே பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டது. வறுமையில் வளர்ந்த ஒருவன் எல்லாவற்றையும் மறந்து மேகத்தில் போய் ஏறிக்கொள்கிறான். போதை மருந்தைப் பற்றித்தான் பாடுகிறார்கள் என்று பேச்சு எழுந்தது, அவர்கள் மறுத்தார்கள். மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்த பாட்டு அது. ஒன்பது என்ற எண் உலகம் முழுக்கப் பதிந்ததில் இந்த மாதிரிப் பாட்டுகளுக்கும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

அப்படியானால் மேகத்துக்கு நம்பர் எங்கிருந்து வந்தது? இதற்கு ஏழுதான் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஏழாம் சொர்க்கத்தில் இருக்கிறேன்’ என்பது கிளவுட் நைனுக்கு வெகு காலம் முன்பிருந்தே உண்டு. அதற்கு வேர் நன்றாகவே தெரியும். வெறும் கண்ணுக்கு வானத்தில் இடம்பெயர்வது தெரிகிற ஒளிகள் ஏழு: சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி. கிழமைகளே அந்தக் கணக்குதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வான அடுக்கு என்று பழைய உலகம் நினைத்தது. யூதர்களின் சமய நூலான தல்மூதில் ஏழு வானங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, ஏழாவதன் பெயர் அரபோத். குர்ஆனும் ஏழு வானங்களைச் சொல்கிறது. மிஃராஜ் என்ற விண்ணேற்றப் பயணத்தில் நபிகள் ஏழாம் வானத்தில் இப்ராஹீம் நபியைச் சந்தித்ததை நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கூடச் சொல்லித் தருவார்கள். நம்முடைய மேல் உலகங்கள் ஏழிலும் கடைசி சத்தியலோகம். ஆக, ஏழாவது என்றால் அதற்கு மேல் படி கிடையாது. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் இன்றைக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்றால் ஏழாம் வானத்தில்தான் இருக்கிறார்கள்.

ஜெர்மன்காரர்கள்தான் இதில் சுவாரசியம். அவர்களுக்கு ஏழாம் வானமும் உண்டு, ‘ஏழாம் மேகத்தில் மிதக்கிறான்’ என்ற வழக்கும் உண்டு. காதலில் விழுந்தவனைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்கர்கள் ஒன்பதுக்கு வீடு மாற்றிய பிறகும் ஜெர்மனியில் ஏழாம் மேகம் காலியாகவில்லை. ஏழாம் சொர்க்கம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. சொர்க்கம் என்றால் மேகத்தின் மேல் உட்கார்ந்து யாழ் வாசிக்கிறவர்கள் என்ற படமும் இருந்தது. நகரவாசி அமெரிக்கனுக்கு விலாசம் என்றால் கதவு எண். மூன்றும் சேர்ந்து மேகத்துக்கு ஒரு நம்பர் பிளேட் மாட்டிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பொருந்துகிற விளக்கம்.

இதே இடத்தில் இன்னொரு கதையும் சுற்றுகிறது. பௌத்தத்தில் போதிசத்துவர், அதாவது புத்தநிலையை நோக்கிப் போகிறவர், ஏற வேண்டிய பத்துப் படிகளில் ஒன்பதாவதன் பெயர் மேகம், அங்கே போனால் பேரானந்தம், அதுதான் கிளவுட் நைன் என்கிறார்கள். நானும் ஆர்வமாகத்தான் தேடினேன். மகாயான நூல்கள் சொல்லும் பத்துப் படிகளில் ஒரு மேகம் நிஜமாகவே இருக்கிறது. தர்மமேகம் என்று பெயர். ஆனால் அது பத்தாவது படி. ஒன்பதாவதன் பெயர் சாதுமதி, நல்லறிவு என்று வைத்துக்கொள்ளலாம். சந்தோஷத்தைத் தேடினால் முதல் படியிலேயே வந்துவிடுகிறது. அதன் பெயர் பிரமுதிதா, பெருமகிழ்ச்சி. அந்தக் கணக்குப்படி நம் ஆள் கிளவுட் ஒன்றில் இருந்திருக்க வேண்டும்! இத்தாலியக் கவிஞர் தான்தேயின் சொர்க்கத்தில் ஒன்பது வட்டங்கள் உண்டே, அதிலிருந்து வந்திருக்கலாமே என்கிறவர்களும் உண்டு. ஒன்பதுக்கும் மேலே, கடவுள் இருக்கும் பத்தாவது ஒன்றையும் அவர் வைத்திருக்கிறார். பரமானந்தம் அங்கேதான்.

ஒன்பது ஏன் ஜெயித்தது என்பதற்கு என்னிடம் இருப்பது ஓர் ஒப்புமைதான். ஆங்கிலத்தில் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்பார்கள், ‘ஒன்று விடாமல் மொத்தமும்’ என்று பொருள். இதற்கும் கதைகள் ஏராளம். இரண்டாம் உலகப்போர் விமானத்தின் தோட்டாப் பட்டை ஒன்பது கெஜ நீளம், கான்கிரீட் லாரியின் கொள்ளளவு ஒன்பது கன கெஜம், இந்தியப் பெண்கள் கட்டும் புடவை ஒன்பது கெஜம் என்று போகும். நம் பாட்டிகளின் மடிசாரையும் விட்டுவைக்கவில்லை. தேடித்தேடிப் பார்த்தபோது 1907-ல் இண்டியானாவின் ஒரு சிறு ஊர்ப் பத்திரிகையில் ‘முழு ஒன்பது கெஜம்’ என்று கிடைத்தது. அதாவது இரண்டாம் உலகப்போருக்கு முப்பது வருஷம் முன்பே. 1912-ல் கென்டக்கிப் பத்திரிகையில் ‘மொத்த ஆறு கெஜம்’ என்று கிடைத்தது. ஆறும் இருந்திருக்கிறது, ஒன்பதும் இருந்திருக்கிறது. புடவைக் கடையில் வேலை பார்க்கிறவர் இதைக் கேட்டால், “ஆறு கெஜம் சாதாப் புடவை, ஒன்பது கெஜம் மடிசார், இதைவிடவா ஆதாரம் வேண்டும்?” என்று வழக்கையே முடித்துவிடுவார். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! இண்டியானாவிலும் கென்டக்கியிலும் அன்றைக்கு யாரும் மடிசார் கட்டவில்லை என்பது மட்டும்தான் குறை. மேக அட்லஸ் கதையும் இதே ஜாதிதான். இரண்டு வழக்கிலும் எண் முதலில் ஊசலாடியிருக்கிறது, கடைசியில் ஒன்பதில் போய் உட்கார்ந்திருக்கிறது. அளந்து எடுத்த எண்ணாக இருந்தால் இப்படி ஊசலாடாது. “நூறு தடவை சொல்லிட்டேன்” என்று அம்மா சொன்னால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரிதான்.

ஆங்கிலத்தில் சந்தோஷத்துக்கு இருக்கிற மற்ற வழக்குகளையும் கேட்பீர்கள் என்று தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ்காரர்களுக்கு ‘ஓவர் த மூன்’தான் பழக்கம், நிலாவைத் தாண்டுவது. பசு நிலாவைத் தாண்டிக் குதிக்கிற குழந்தைப் பாட்டிலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாட்டு அச்சில் வந்தது 1765 வாக்கில். 1718-லேயே ஒரு லண்டன் நாடகத்தில் ஒரு பாத்திரம் சந்தோஷத்தில் நிலாவைத் தாண்டிக் குதிப்பேன் என்று கத்துகிறது. 1970-களில் இங்கிலாந்தின் கால்பந்து மேனேஜர்கள் ஜெயித்த ஒவ்வொரு சனிக்கிழமையும் டிவியில் இதையே சொல்லிச் சொல்லி அது கேலிப்பொருளாகிவிட்டது. ‘மட்டியைப் போல சந்தோஷம்’ என்று அமெரிக்கர்கள் சொல்வது முதலில் புதிராக இருக்கும். முழு வடிவத்தில் ‘கடல் ஏறியிருக்கும்போது மட்டி’ என்று இருக்கிறது. தண்ணீர் வற்றும்போதுதான் மட்டி தோண்டுகிறவர்கள் வருவார்கள். ஏற்றத்தின்போது அதற்குத் தொல்லை இல்லை. அவ்வளவுதான் சங்கதி, ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். ‘லாரியைப் போல சந்தோஷம்’ என்பது ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்தது; லாரி இங்கே வண்டி இல்லை, ஆள் பெயர். அந்த லாரி, சிட்னியில் பேர்பெற்ற குத்துச்சண்டை வீரர் லாரி ஃபோலி என்று சொல்கிறவர்கள் உண்டு.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், கேள்வியின் மிச்சம் அங்கேதான். தமிழில் இதை எப்படிச் சொல்வது? புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒருமுறை அனுப்பிய கோப்பில், கல்யாணம் நிச்சயமான பெண் தன் தோழியிடம், “நான் ஒன்பதாவது மேகத்தில் இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன் பண்ணி, “தம்பி, உங்க அக்காவுக்கு நிச்சயம் ஆனப்ப வீட்ல என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தார். “அவளுக்குத் தலைகால் புரியலண்ணு அம்மா சொன்னாங்க சார்” என்றார். “அதையே போடுங்க” என்றேன். சப்டைட்டிலில் ஒரு வரிக்குச் சுமார் நாற்பது எழுத்துதான் இடம், அதிலும் அது அழகாக உட்கார்ந்தது.

‘தலைகால் புரியவில்லை’யை நான் சிபாரிசு செய்வதற்கு இடம் மட்டும் காரணம் இல்லை. எது தலை, எது கால் என்று தெரியாத தடுமாற்றம் அதில் இருக்கிறது. ஆங்கில வழக்கின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய மயக்கம் அப்படியே வந்துவிடுகிறது. கிண்டலும் வருகிறது. “பையனுக்கு வேலை கிடைச்சதும் தலைகால் புரியல அவருக்கு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அதில் முக்கால் பங்கு சந்தோஷம், கால் பங்கு வயிற்றெரிச்சல். கிண்டல் வேண்டாத இடத்தில் ‘கால் தரையில் பாவவில்லை’ சரியாக இருக்கும். காதல் காட்சி என்றால் ‘மிதக்கிறேன்’ போதும். மேகமும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். ‘உச்சி குளிர்ந்தது’ வேறு ரகம். யாராவது புகழ்ந்தால்தான் உச்சி குளிரும், லாட்டரி விழுந்தால் குளிராது. ‘பூரித்துப் போனாள்’ பிள்ளையைப் பற்றிய பெருமைக்குப் பொருந்தும், காதலனுக்குப் பொருந்தாது. ‘ஆனந்த வெள்ளத்தில் திளைத்தான்’ என்று இன்னமும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

போன மாதம் வந்த ஒரு படத்தில் இந்த வழக்கு இரண்டு தடவை வந்தது. முதல் காட்சியில் தேர்வுக் குழுவிலிருந்து போன் வந்து, ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொள்கிற பெண். அதற்கு வழக்கம்போல் தலைகால் புரியவில்லை என்று போட்டுவிட்டேன். இரண்டாவது, நள்ளிரவில் பாரில். நண்பன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறான், காதலி பற்றிப் பாதி பேச்சு, பாதிச் சிரிப்பு. எழுப்ப வந்தவனிடம் பரிமாறுகிறவர் சொல்கிறார், அவன் கிளவுட் நைனில் இருக்கிறான் என்று. தம்பி அங்கே ‘ரொம்ப சந்தோஷமா இருக்கான்’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, ‘செம மப்புல இருக்கான்’ என்று மாற்றினேன்.